முப்பது ஆண்டு கழித்து மீண்டும் ஹைரூலில்: 'ஏ லிங்க் டு தி பாஸ்ட்' இன்றும் ஆடத் தக்கதா?

கேள்வி இது: "சிறுவயதில் பக்கத்து வீட்டு அண்ணனின் கணினியில், எமுலேட்டரில், 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஏ லிங்க் டு தி பாஸ்ட்' பாதி வரை ஆடியிருக்கிறேன். முடித்ததில்லை. இப்போது கையில் நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறது. இத்தனை காலம் கழித்து அது ரசிக்குமா? ரீவைண்ட் வசதியைப் பயன்படுத்தலாமா? வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா? இதை விட்டுவிட்டுப் புதிய செல்டா எதையாவது ஆடுவது மேலா?"

ரசிக்கும். தாராளமாக ஆடுங்கள். நடுவில் நிறுத்திச் சேமிக்கும் வசதியைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். ரீவைண்டைத் தொடாதீர்கள். வழிகாட்டியை, நான் கீழே சொல்லும் ஓரிரு இடங்களைத் தவிர, மூடியே வையுங்கள். புதியவை எங்கும் ஓடிவிடாது. முதலில் இதை முடியுங்கள். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். காரணம் வேண்டுவோர் தொடர்ந்து படிக்கலாம்.

ஹைரூல் என்ற கற்பனை நாட்டில் நடக்கும் இந்த விளையாட்டு 1991 நவம்பரில் ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாமுக்கு (வெளிநாடுகளில் அதன் பெயர் சூப்பர் நின்டெண்டோ) வந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. இயக்கியவர் தகாஷி தெசுகா, தயாரிப்பாளர் ஷிகேரு மியாமோட்டோ, இசை கோஜி கோண்டோ. முழு விளையாட்டும் அடங்கியிருந்த கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 8 மெகாபிட், அதாவது ஒரே ஒரு மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிதாக இருக்கிறது. நம் ஊரில் தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி ஆடிய 'கேசட்' கன்சோல்கள் பெரும்பாலும் இதற்கு முந்தைய எட்டு பிட் தலைமுறையின் நகல்கள். அதனால் உங்களைப் போலவே பலரும் இதைப் பிற்பாடு கணினியில்தான் சந்தித்திருப்பார்கள். சரியான கன்ட்ரோலருடன், சரியான திரையில் ஆடுவது உங்களுக்கு இதுவே முதல் முறையாக இருக்கலாம். அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

ஸ்விட்ச்சில் இதைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவுடன் கிடைக்கும் சூப்பர் நின்டெண்டோ தொகுப்பில் 2019 செப்டம்பரில், அந்தத் தொகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே இருக்கிறது. அடிப்படைச் சந்தா போதும்; கூடுதல் விலைச் சந்தா இதற்குத் தேவையில்லை. ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏழு நாளுக்கு ஒருமுறையாவது கன்சோல் இணையத்தில் இணைந்து சந்தாவைச் சரிபார்க்க வேண்டும். இணையம் இல்லாத இடத்துக்கு நீண்ட விடுமுறையில் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் ஒருமுறை திறந்துவிட்டுப் போகவேண்டும்.

ஆடத் தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிசெய்யுங்கள். முதலாவது திரை. மூல கன்சோலின் படம் 256-க்கு 224 புள்ளிகள். அன்றைய டிவிகள் அதைக் கொஞ்சம் அகலமாக இழுத்துக் காட்டின.  தொகுப்பின் திரை அமைப்பில் புள்ளிகளை அப்படியே காட்டும் முறை, 4:3 முறை, பழைய டிவித் திரை போன்ற வடிகட்டி என்று சில தேர்வுகள் உண்டு. கையில் வைத்து ஆடும்போது முதல் முறை கூர்மையாகத் தெரியும், ஆனால் நாயகன் லிங்க் சற்று ஒல்லியாகிவிடுவான். பெரிய டிவியில் 4:3 வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிவி வடிகட்டியைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கு அது கண்ணில் தூசி விழுந்தது போல இருக்கிறது. டிவியில் 'கேம் மோடு' இருந்தால் மறக்காமல் போட்டுவிடுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்ணிமைக்கும் நேரம், வாள்வீச்சு பிந்துவதற்குப் போதுமானது.

இரண்டாவது கன்ட்ரோலர். லிங்க் எட்டுத் திசைகளில் மட்டுமே நடப்பான். அனலாக் ஸ்டிக்கால் ஆடலாம். ஆனால் ஒரு பிளாக்கை நேராகத் தள்ள முனையும்போது ஸ்டிக் லேசாகச் சரிந்தாலும் அவன் பக்கவாட்டில் வழுக்கிப் போவான். திசைப் பொத்தான்கள்தான் இதற்கு உகந்தவை. ஸ்விட்ச்சோடு வரும் இடப்பக்கக் கன்ட்ரோலரான ஜாய்-கானில் நான்கும் தனித்தனிப் பொத்தான்களாக இருப்பதால் மூலைவாட்டில் ஓடும்போது கட்டைவிரல் வலிக்கும். சந்தாதாரர்களுக்கென நின்டெண்டோ விற்ற சூப்பர் நின்டெண்டோ வடிவக் கன்ட்ரோலர் கிடைத்தால் அதற்கு நிகர் வேறில்லை.

இனி, நீங்கள் கேட்ட ரீவைண்ட்.

இசட்எல், இசட்ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஆட்டம் பின்னோக்கி ஓடும். அடி வாங்கியதை வாங்காததாக்கலாம், குழியில் விழுந்ததை விழாததாக்கலாம். சில பழைய விளையாட்டுகளுக்கு இது வரம். மூன்று உயிர்கள் தீர்ந்தால் முதலிலிருந்து தொடங்கு என்று சொல்லும் விளையாட்டுகளில், நாணயம் விழுங்கும் காலத்தின் கொடுமையை இது சரிக்கட்டுகிறது. ஆனால் 'ஏ லிங்க் டு தி பாஸ்ட்' அப்படிப்பட்ட விளையாட்டு அல்ல. இதில் செத்தால் பெரிதாக ஒன்றும் போகாது. எடுத்த பொருள்கள், திறந்த கதவுகள், சேர்த்த ரூப்பி நாணயங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். டஞ்சனின், அதாவது புதிர்களும் எதிரிகளும் நிறைந்த அந்தக் கட்டடத்தின், வாசலிலிருந்து மறுபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த விளையாட்டின் தண்டனை தூரம். உங்களைப் பின்னுக்குத் தள்ளும், நடக்கவைக்கும், நடக்கும்போது இடத்தை மனப்பாடமாக்கும்.

இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு ஹெரா கோபுரத்தின் உச்சியில் இருக்கும் மோல்டார்ம். முதல் பாதியில் பலரும் பல்லைக் கடித்த இடம். நீங்கள் நிறுத்தியதும் அங்கேயாக இருந்தால் வியப்பில்லை. ஒரு மேடை. நடுவில் ஓட்டை, ஓரங்களில் தடுப்புச் சுவர் இல்லை. மேடை முழுவதும் பைத்தியம் பிடித்தது போல நெளிந்து ஓடும் ஒரு புழு. அதன் வாலில் மட்டுமே அடிபடும். உடலில் வாள் பட்டால் நீங்கள்தான் தெறித்துப் பின்னால் போவீர்கள். தெறித்து விழுந்தால் கீழ்த்தளம். அங்கிருந்து படியேறி வந்தால் புழு புத்தம் புதிதாக, ஒரு காயமும் இல்லாமல் காத்திருக்கும். எரிச்சல் வருமா என்றால் நன்றாகவே வரும். ஆனால் நாலைந்து முறை விழுந்த பிறகு ஒன்று புரிகிறது: துரத்தக் கூடாது. மேடையில் ஒரு பக்கம் பார்த்து நின்று, அதுவே வாலைக் காட்டிக்கொண்டு வரும்வரை பொறுத்து, ஒரு வெட்டு, உடனே விலகல். வாளை அழுத்திப் பிடித்துச் சக்தி ஏற்றிச் சுழற்றும் வீச்சு எதற்கு என்பதும் அங்கேதான் கைக்குப் புரிகிறது. ரீவைண்ட் வைத்து ஆடினால் விழுந்த நொடியிலேயே மேலே திரும்பிவிடுவீர்கள், புழுவும் செத்துவிடும், ஆனால் துரத்தும் பழக்கம் போகாது. அந்தப் பழக்கத்தோடு, பிற்பாதியில் வரும் இன்னொரு உலகமான இருள் உலகத்துக்குள் நுழைந்தால் ஒவ்வொரு அறையிலும் அடி வாங்குவீர்கள், ஒவ்வொரு அறையிலும் ரீவைண்ட் தேடுவீர்கள்.

இடைநிறுத்தச் சேமிப்பு வேறு கதை. பழைய கார்ட்ரிட்ஜில் சேமித்துவிட்டு வெளியே போனால், மறுபடி திறக்கும்போது ஒளி உலகில் லிங்க்கின் வீடு, சரணாலயம், மலைக்குகை ஆகியவற்றில் ஒன்றில் தொடங்க வேண்டும். இருள் உலகமாக இருந்தால் பிரமிடு. டஞ்சனின் ஆழத்தில் இருக்கும்போது இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டால் கதை கந்தல். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீண்ட மாலை இருந்தது. உங்களுக்கும் எனக்கும் இல்லை. எனவே நின்ற இடத்திலேயே சேமித்து மூடுங்கள். அதில் விளையாட்டின் தன்மை எதுவும் கெடாது. டஞ்சனின் முடிவில் காத்திருக்கும் பெரிய எதிரியான 'பாஸ்' இருக்கும் அறைக்கு வெளியே சேமித்துவிட்டு, செத்ததும் அதைத் திறப்பது ரீவைண்டின் தம்பிதான். அதை உங்கள் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

தொடக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. இன்றைய பெரிய விளையாட்டுகள் முதல் ஒரு மணி நேரத்தைப் பாடம் நடத்தியே கழிக்கின்றன. இதில் நள்ளிரவு, மழை, ஒரு பெண்ணின் குரல் கனவில் உதவி கேட்கிறது. மாமா வாளை எடுத்துக்கொண்டு, வீட்டை விட்டு வெளியே வராதே என்று சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த நொடி கன்ட்ரோலர் உங்கள் கையில். பெட்டியில் விளக்கு இருக்கிறது, வெளியே மழை கொட்டுகிறது, ஊருக்குப் போகும் பாதைகளை எல்லாம் காவலர்கள் மறித்து நிற்கிறார்கள். போக ஒரே திசைதான் மீதி. அந்தக் காவலர்கள் உங்களை வீட்டுக்குப் போகச் சொல்லி அதட்டும் சாக்கிலேயே எந்தப் பொத்தான் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு புதரைத் தூக்கினால் சுரங்க வழி. உள்ளே காயம்பட்டுக் கிடக்கும் மாமா வாளையும் கேடயத்தையும் தருகிறார். சிறையிலிருந்து இளவரசி செல்டாவை மீட்டுச் சாக்கடை வழியாகச் சரணாலயத்தில் சேர்க்கும்போது மழை நின்றிருக்கிறது, பொழுது விடிந்திருக்கிறது, உங்களுக்கு ஆடத் தெரிந்திருக்கிறது. பிறகு ககாரிகோ கிராமத்துக்குப் போனால், இளவரசியைக் கடத்தியவன் நீங்கள்தான் என்று வதந்தி பரவி, சிலர் உங்களைக் கண்டதும் காவலர்களைக் கூப்பிடுகிறார்கள். ஒரு மெகாபைட்டில் இத்தனை!

ஆனால் இந்த விளையாட்டை இன்றைக்கும் நிற்கவைப்பது தொடக்கம் அல்ல. இரண்டு உலகங்கள்.

மலைமேல் ஏறும் வழியில், இருட்டுக் குகையில் வழி தவறிய ஒரு முதியவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். அவர் ஒரு மாயக் கண்ணாடி தருகிறார். சற்று மேலே தரையில் மினுங்கும் ஒரு கட்டத்தில் கால் வைத்ததும் உலகம் மாறுகிறது: அதே மலை, ஆனால் நிறம் கெட்டுப்போன மலை. நீங்கள் ஒரு இளஞ்சிவப்பு முயலாகிவிட்டீர்கள். வாள் வீச முடியாது. பக்கத்தில் உருண்டைப் பந்தாக மாறிப்போன ஒருவனை இன்னொருவன் உதைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். அவர்களிடம் பேசினால், இந்த உலகில் மனிதர்கள் தங்கள் மனத்துக்கேற்ற உருவம் அடைவார்கள் என்று தெரிகிறது. இதை ஒரு வேடிக்கைக் காட்சி என்று நினைத்துக் கண்ணாடியைப் பயன்படுத்தி உடனே திரும்பிவிடலாம். ஆனால் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்: ஒளி உலகில் ஹெரா கோபுரத்துக்குப் போகும் மேட்டில் ஏற வழி இல்லை. மேட்டுக்குக் கீழே இரட்டைப் பாறை ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதன்மேல் நின்றால் மேட்டுக்குப் போகலாம், ஆனால் பாறை மேல் ஏறுவது எப்படி?

இருள் உலகில் அந்தப் பாறை இல்லை. அதே இடம் அங்கே வெறும் தரை. முயலாகவே அந்த இடத்துக்கு நடந்து போய், நின்று, கண்ணாடியை எடுத்தால், ஒளி உலகில் பாறையின் உச்சியில் நிற்கிறீர்கள்.

ஒருவரும் இதை உங்களுக்கு விளக்குவதில்லை. அம்புக்குறி இல்லை. ஆனால் அந்த நொடிக்குப் பிறகு வரைபடத்தை நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. ஏரியின் நடுத்தீவில் எட்டாமல் கிடக்கும் இதயத் துண்டு இனி ஒரு கேள்வி: இருள் உலகில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? கோட்டை இருக்கும் இடத்தில் அங்கே பிரமிடு. பாலைவனம் இருக்கும் இடத்தில் மழை ஓயாத சதுப்பு நிலம். ககாரிகோ இருக்கும் இடத்தில் திருடர்களின் ஊர். உங்கள் சொந்த வீடு இருக்கும் இடத்தில் வெடிகுண்டு விற்கும் கடை. சதுப்பு அரண்மனைக்குள் தண்ணீர் இல்லாமல் மேலே போக முடியாது. தண்ணீர் வரவேண்டுமானால் ஒளி உலகில் அதே இடத்தில் இருக்கும் மதகைத் திறக்க வேண்டும். இரண்டு உலகங்களும் இரண்டு தனி வரைபடங்கள் அல்ல. ஒன்றின்மேல் ஒன்று விரித்த ஒரே வரைபடம்.

வழிகாட்டி வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். 'இங்கே நின்று கண்ணாடியை எடு' என்று திரையில் படித்துச் செய்தால், ஒரு இதயத் துண்டு கிடைக்கும். மொத்தம் 24 துண்டுகள். நான்கு சேர்ந்தால் ஒரு இதயம், அதாவது உயிரளவு அந்த அளவுக்குக் கூடும். அவை எல்லாம் கிடைத்தாலும் உங்கள் தலைக்குள் அந்த இரட்டை வரைபடம் உருவாகியிருக்காது. சிறுவயதில் பாதி ஆடியவருக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. பெயர்களும் உரையாடல்களும் மறந்திருக்கும். ஆனால் கல்லறைக்கு எந்தப் பக்கம் போகவேண்டும், நூலகம் ஊரின் எந்த மூலையில் இருக்கிறது என்பதைக் கைகள் மறந்திருக்காது. ஒளி உலகில் அந்தப் பழைய நினைவு உதவும். இருள் உலகில் அதே நினைவை வைத்து விளையாட்டு உங்களிடம் வேலை வாங்கும்.

கதையும் இதே வழியில்தான் மனத்தில் தைக்கிறது. ஒளி உலகில் ஒரு தோப்பில் சிறுவன் ஒருவன் குழல் ஊதிக்கொண்டிருக்க, விலங்குகள் சுற்றி உட்கார்ந்து கேட்கின்றன. நெருங்கினால் எல்லாம் மறைந்துவிடும். ககாரிகோ விடுதியில் ஒரு முதியவர், காணாமல் போன மகனைப் பற்றிச் சொல்கிறார். இருள் உலகில் அதே தோப்பில், வெட்டிய மரங்களுக்கு நடுவே, விலங்குருவில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். தன் குழலைப் புதைத்து வைத்திருப்பதாகச் சொல்லி மண்வெட்டி தருகிறான். ஒளி உலகத் தோப்பில் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தால், அவனுக்கு அது இனி வேண்டாம். கடைசியாக ஒருமுறை ஊதச் சொல்லிக் கேட்கிறான். கேட்டு முடித்ததும் மரமாகிவிடுகிறான். குழல் உங்களுக்கு, ககாரிகோவின் காற்றுத்திசைகாட்டி முன் ஊதினால் ஒரு பறவை கிளம்பி, அன்றுமுதல் உங்களை எட்டு இடங்களுக்குத் தூக்கிப்போகும். விரைவுப் பயணம் என்ற வெறும் வசதியை இப்படி ஒரு துக்கத்தோடு கட்டிக் கொடுத்த விளையாட்டு எனக்கு வேறு தெரியாது. குழல் கிடைத்த பிறகு அந்த விடுதி முதியவரிடம் மறுபடி பேசிப் பாருங்கள். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள்.

வயதாகிவிட்ட இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பெரிய தொல்லை, பொருள் மாற்றுவது. ஒரு நேரத்தில் ஒரே பொருளைத்தான் ஒய் பொத்தானில் வைத்துக்கொள்ள முடியும். விளக்கு வேண்டுமா, பட்டியலைத் திற. சுத்தியல் வேண்டுமா, மறுபடி திற. தோளில் இருக்கும் எல், ஆர் பொத்தான்கள் இரண்டும் விளையாட்டு முழுக்கச் சும்மாவே கிடக்கின்றன என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. மாயசக்தி அளவும் கஞ்சத்தனமானது. ஆமைப்பாறை டஞ்சனில் அது தீர்ந்துபோனால் அந்தரத்தில் நிற்பீர்கள், பச்சை மருந்து இல்லாமல் உள்ளே போகாதீர்கள். மீட்கப்படக் காத்திருக்கும் ஏழு கன்னியர் என்ற கதைப்போக்கு 1991-லேயே பழசு. கோழியைப் பலமுறை வெட்டினால் கோழிக் கூட்டமே திரண்டு வந்து கொத்தும் வேடிக்கை மட்டும் இன்னும் அலுக்கவில்லை.

இப்போது, வழிகாட்டியைத் திறக்க அனுமதி தரும் இடங்கள். திறக்கவும் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

இருள் உலக டஞ்சன்கள் வரைபடத்தில் 1 முதல் 7 வரை எண்ணிட்டுத் தெரியும். அந்த வரிசையில்தான் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் டஞ்சனான இருள் அரண்மனையில் சுத்தியல் கிடைத்துவிட்டால் நான்காவதான திருடர் ஊருக்கு உடனே போகலாம். அங்கே கிடைக்கும் டைட்டன் கையுறை பெரும் பாறைகளைத் தூக்கும். அதை வைத்துத் தொலைந்த தோழனைக் கொல்லரிடம் சேர்த்தால், வெறும் 10 ரூப்பிக்கு மாஸ்டர் வாளை இன்னும் வலுவாக்கித் தருவார்கள். இவ்வளவு மலிவான பேரம் விளையாட்டுகளில் அரிது. மீதி டஞ்சன்கள் அந்த வாளோடு வெகுவாக எளிதாகும்.

ஐந்தாவதான பனி அரண்மனையை ஆறாவதற்குப் பின்னால் தள்ளி வையுங்கள். இது என் உறுதியான பரிந்துரை. பனி அரண்மனையில் தரை வழுக்கும்; அது போதாதென்று ஒரு பிளாக்கைக் கீழ்த்தளத்தில் விழவைத்து அங்கிருக்கும் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டிய ஒரு புதிர் உண்டு. அதற்காக நீண்ட சுற்று சுற்ற வேண்டும். ஆறாவது டஞ்சனில் கிடைக்கும் சொமாரியா கோல் நினைத்த இடத்தில் ஒரு பிளாக்கை உருவாக்கும். அது கையில் இருந்தால் அந்தப் பொத்தான் மேல் நீங்களே ஒன்றை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எண்ணை நம்பி முதலில் பனிக்குள் போனவர்கள்தான் இந்த விளையாட்டை அதிகம் திட்டுகிறார்கள்.

ஆறாவதன் வாசல் திறக்க ஈதர் என்ற பதக்கம் வேண்டும், ஏழாவதற்கு நிலநடுக்கப் பதக்கம். ஈதர், மலை உச்சியில் ஒரு கல்வெட்டின் முன் மாஸ்டர் வாளுடன் நின்று, பழைய எழுத்தைப் படிக்க உதவும் முடோரா நூலைப் பயன்படுத்தினால் கிடைக்கும். நிலநடுக்கம்தான் பலருக்கும் சிக்கும் இடம். இருள் உலகின் வடகிழக்கில் தண்ணீரில் கற்கள் வட்டமாக நிற்கும். அந்த வட்டத்துக்குள் எதையாவது தூக்கிப் போடுங்கள். மீதியை அந்தத் தண்ணீரில் வசிப்பவரே கோபமாகச் சொல்வார்.

நான்காவது டஞ்சனின் முடிவில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை நான் அவிழ்க்க மாட்டேன். ககாரிகோவில் திருடர்களின் பழைய மறைவிடம் எது என்று பார்த்து, அங்கே தங்கள் தலைவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

ஒரு விந்தை, உபயோகம் எதுவும் இல்லாதது: லிங்க் எந்த இடத்திலிருந்து வந்தான் என்று விளையாட்டுக்கே குழப்பம் ஏற்பட்டால் அவனைக் கொண்டுபோய்ப் போட ஒரு மாற்று அறை வைத்திருக்கிறார்கள். அதில் 45 நீல ரூப்பிகள் தரையில் கிடக்கும். அமெரிக்காவில் ஒரு நின்டெண்டோ பத்திரிகைப் போட்டியில் வென்ற ஒருவரின் பெயர் அந்த அறைக்குச் சூட்டப்பட்டது. வேகக் காலணியோடு கோட்டைப் பக்கம் தலைதெறிக்க ஓடினால் சில வழிகளில் அங்கே போய் விழலாம். இதைத் தேடி ஒரு மாலையை வீணாக்குவது முற்றிலும் நியாயமான செயல்.

புதியவற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதன் நேரடித் தொடர்ச்சி 2013-ல் நின்டெண்டோவின் கைக் கன்சோலான 3டிஎஸ்ஸுக்கு வந்த 'ஏ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்'. அதே ஹைரூல், அதே சாலைகள். லிங்க் சுவரோவியமாகிச் சுவரில் ஊர்ந்து போவான். மிக நல்ல விளையாட்டு. ஆனால் ஸ்விட்ச்சில் இல்லை, 3டிஎஸ்ஸின் இணையக் கடையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டது. ஸ்விட்ச்சில் இருப்பவற்றில் 2019-ன் 'லிங்க்ஸ் அவேக்கனிங்' 1993-ன் கேம் பாய் விளையாட்டின் மறுவாக்கம். பொம்மைகளால் ஆன உலகம் போல அழகு, ஆனால் அந்தத் தீவு இந்த இரட்டை உலகம் தரும் மூளை வேலையைத் தராது. அதன் பழைய வண்ணப் பதிப்பும் சந்தாவின் கேம் பாய் தொகுப்பில் இருக்கிறது. எனக்கு அந்தச் சின்னப் பதிப்புதான் பிடிக்கும். இது ரசனை சார்ந்தது, வாதத்துக்கு வராதீர்கள். 2024-ல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' செல்டாவையே நாயகியாக்கியது. அதன் ஹைரூலின் நடுப்பகுதி, 'ஏ லிங்க் டு தி பாஸ்ட்' வரைபடத்தை ஒட்டி விரிந்தது. கோட்டை, ஏரி, ககாரிகோ எல்லாம் நீங்கள் எதிர்பார்க்கும் திசைகளிலேயே வரும். இதை முடித்துவிட்டு அங்கே போனால் அந்த இன்பம் முழுதாகக் கிடைக்கும். மாற்றிச் செய்தால் அது வெறும் இன்னொரு வரைபடம்.

கடைசியாக, போன தடவை முடிக்காமல் விட்டவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி எதிரியான கேனானின் கோபுரத்துக்கு முன்னால், ஐந்தாவது ஆறாவது கன்னியரை மீட்ட பிறகு, வெடிகுண்டுக் கடையில் 100 ரூப்பிக்குப் பெரிய குண்டு ஒன்று விற்பார்கள். அது உங்கள் பின்னாலேயே வரும். பிரமிடின் பக்கவாட்டில் விரிசல் விட்ட சுவரை அதனால் தகருங்கள். உள்ளே இருக்கும் பருத்த தேவதையின் குளத்தில் வாளை எறிந்தால் பொன்வாள், வில்லை எறிந்தால் வெள்ளி அம்புகள். வெள்ளி அம்பு இல்லாமல் கேனானை முடிக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் அவன் இருட்டில் மறைவான். தீபங்களை ஏற்றினால்தான் தெரிவான், அதற்கு மாயசக்தி மீதி இருக்க வேண்டும். மொத்தம் நான்கு பாட்டில்கள் உண்டு: ககாரிகோ வியாபாரியிடம் 100 ரூப்பிக்கு ஒன்று, விடுதியின் பின்னறைப் பெட்டியில் ஒன்று, பாலத்தின் கீழ் தங்கியிருப்பவரிடம் ஒன்று, பூட்டிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போய்த் திறக்கவைத்தால் ஒன்று. சூனியக்காரியின் கடையில், உயிரையும் மாயசக்தியையும் சேர்த்து நிரப்பும் நீல மருந்து 160 ரூப்பி. குறைந்தது இரண்டு பாட்டிலையாவது அதனால் நிரப்பிக்கொண்டு மேலே ஏறுங்கள்.